அடிபட்ட நேரம்

(முதல் பக்கம்: ஆஸ்பத்திரியில் கொடுத்த அச்சிட்ட தாள், நோட்டில் ஒட்டியது)

பெயர்: ஆவுடையப்பன். வயது: 34. தொழில்: கல்யாணச் சமையல்.
அடி எங்கே: இடது காதுக்கு மேலே.
அடிபட்ட தேதி: ஜனவரி 24.
அடிபட்ட நேரம்:
நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம்:
வாந்தி எத்தனை முறை:
அப்போது உடன் இருந்தவர்: யாரும் இல்லை.

பிப்ரவரி 19

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரெஜினா மேடம் இந்த நோட்டைக் கையில் திணித்துவிட்டார். ஆவுடை என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு தூங்குகிறான், எந்த வார்த்தை வருகிறது, எது வரவில்லை, எல்லாவற்றையும் தினமும் எழுத வேண்டுமாம். மார்ச் 18 அன்று மறுபடி காட்டப் போகும்போது கொண்டு வர வேண்டும். "சார் ரைட்டராமே, உங்களுக்கு ஈஸி" என்றார். எனக்கு ஈஸி என்று அடுத்தவர்கள் சொன்ன வேலைகளில்தான் எனக்கு எப்போதும் முதுகு ஒடியும்.

நான் பரந்தாமன். டிவி சீரியலுக்கு வசனம் எழுதுகிறவன், பத்தொன்பது வருஷமாக. ஆவுடை என் மனைவி கோமதியின் தம்பி. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஏழு வருஷமாக எங்களோடு சாலிகிராமத்தில் இருக்கிறான். பரணில் இருந்த இட்லி அண்டாவை இறக்க ஸ்டூலில் ஏறியபோது விழுந்து, கட்டில் முனையில் தலை மோதிவிட்டது. நான் உள் அறையில் கதவைச் சாத்தி எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது. மாலை ஆறு மணிக்கு கோமதி போஸ்ட் ஆபீஸிலிருந்து வந்து எழுப்பினாள். அவன் எழுந்திருக்கவில்லை. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷன், இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. நாலு நாளாக வீட்டில் இருக்கிறான்.

இன்று: இட்லி நாலு. சட்னியை "சொம்பு" என்றான். கரண்டியைக் காட்டிக் கேட்டதற்கு, "இது... இது... கிண்டுதது" என்றான். கோமதி கைதட்டினாள். ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைத்தவன்.

பிப்ரவரி 21

பால் பொங்கி வழிந்து அடிப்பிடித்துப் புகையே வந்துவிட்டது. எனக்கு உள் அறை வரை நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆவுடை அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று, நிதானமாகக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருக்கிறான்.

கோமதி காபித்தூள் டப்பாவைத் திறந்து அவன் மூக்கருகில் நீட்டினாள். உதட்டைப் பிதுக்கினான். பெருங்காயம், கற்பூரம், கடைசியில் ஃபினாயில். ஒன்றும் இல்லை. போன் போட்டுக் கேட்டதற்கு ரெஜினா மேடம், மூளைக்குப் போகிற வாசனை நரம்பு அறுந்திருக்கலாம், சிலருக்குத் திரும்பும், பலருக்குத் திரும்பாது என்றார்.

கோமதி அந்தக் காபி டப்பாவை மூடி மேல் தட்டில் வைத்தாள். அவனுக்கு வாசனை வருகிறவரை தனக்குக் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒரு நாளைக்கு நாலு டம்ளர் குடிக்கிறவள்.

பிப்ரவரி 23

பகலில் மூன்று மணி நேரம் தூக்கம். ட்யூப் லைட் கண்ணைக் குத்துகிறது என்று அணைக்கச் சொன்னான். சொல்ல வார்த்தை வராமல் தட்டை வீசினான். பிறகு அவனே பொறுக்கி வைத்தான்.

பிப்ரவரி 25

எதிர் வீட்டு ஸ்டெல்லா அம்மா ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். ஆவுடைக்கு ஜனவரி மாதமே ஞாபகம் இல்லை என்று கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அதே எடத்துல லேசா ஒரு தட்டு தட்டுனா திரும்ப வந்துரும்ல? உங்க சீரியல்லயே வந்துச்சே."

கோமதி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். நான், "அது சும்மா கதைக்குங்க" என்றேன். ஸ்டெல்லா அம்மா நம்பவில்லை. பத்தொன்பது வருஷம் தினமும் சொன்னதை ஒரு வரியில் மறுத்தால் யார் நம்புவார்கள்?

இதற்கு மேல் எழுதுவதை மேடம் படிக்க வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் இந்தப் பக்கத்தை அடுத்த பக்கத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் போட்டுவிடுவேன்.

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இதுவரை முப்பத்தொரு பேர் மண்டையில் அடித்திருக்கிறேன். பூந்தொட்டி, குத்துவிளக்கு, மாடிப்படி, ஒரு முறை வெள்ளிச் செம்பு. எல்லாரும் அடுத்த சீனில் கண் விழித்தார்கள். தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு, நடுவே ரூபாய் அளவுக்குச் சிவப்பு. கட்டு கலையாது, லிப்ஸ்டிக்கும் கலையாது. "நான் யாரு?" என்று தெளிவான உச்சரிப்பில் கேட்பார்கள். ஒருவர்கூட வாந்தி எடுத்ததில்லை. ஒருவர்கூடக் கரண்டியின் பெயரை மறந்ததில்லை. ஒருவருக்கும் மூக்கு போகவில்லை. வில்லனின் அடியாட்களை அடித்துப் போட்டுவிட்டு அவர்கள் எழுந்தார்களா என்றுகூட நான் பார்த்ததில்லை.

நிஜத்தில் நினைவு தப்புவது சில நிமிஷம் நீடித்தாலே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். அதைவிட ஆபத்து, உடனே எழுந்து சிரித்துப் பேசுவதாம். மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும், ஆள் நன்றாக இருப்பான், பிறகு தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தில் விட்டுவிடக் கூடாது என்றார்.

பிப்ரவரி 28

டைரக்டர் கமலநாதன் போன். சீரியலில் எங்கள் கலெக்டர் அர்ஜுனுக்கு ஜனவரி கடைசியில் தலையில் அடிபட்டு நினைவு போயிருக்கிறது. நான்தான் போகவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிற சீன்களை எழுதி அனுப்பியிருந்தேன். கலெக்டருக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. வெளிச்சம் ஆகவில்லை. மனைவி வைத்த மல்லிகைப்பூவின் வாசனை தெரியவில்லை. பேச ஆரம்பித்து நடுவில் நிற்கிறார்.

"சார், என்ன சார் இது? ஹீரோ மூணு சீன் பொத்தான் போட்டுட்டு ஒக்காந்திருந்தா யாரு பாப்பா? வாசன போச்சுன்னா அத டிவில எப்படி சார் காட்டுறது?"

"நிஜத்துல அப்படித்தான் இருக்கும்."

"நிஜம் வேணும்னா அவங்க நியூஸ் பாக்க மாட்டாங்களா? அடிபட்ட எபிசோடுக்கு ஒரு டயலாக் எழுதினீங்களே, அண்டா டயலாக். செட்ல லைட்மேன்லாம் கைதட்டினாங்க. அது உயிர் சார். அது மாதிரி எழுதுங்க. எப்படி சார் வந்துச்சு அது?"

"வந்துச்சு" என்றேன்.

மார்ச் 2

ஆவுடை: வார்த்தைகள் பதினொன்று சரி. "அக்கா" தெளிவாக வந்தது. தலைவலி குறைவு.

கோமதி அந்த இட்லி அண்டாவை அனாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாளாம். கூட வேலை பார்க்கிறவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு என்று இவள்தான் அன்று காலை அதை இறக்கி வைக்கச் சொல்லியிருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நாந்தான ஏறச் சொன்னேன்" என்றாள். "ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா பேச்சு இவ்ளோ போயிருக்காதுன்னு டாக்டர் சொன்னாருல்ல. மத்தியானமே எனக்கு மனசு சரியில்ல. பர்மிஷன் போட்டுட்டு வந்திருக்கலாம். வரல."

"நீ என்ன பண்ணுவ, விடு" என்றேன்.

எவ்வளவோ கேவலமான வசனம் எழுதியிருக்கிறேன். இதைவிடக் கேவலமாக ஒன்றும் எழுதியதில்லை. இந்தப் பக்கத்துக்கும் பின் போட வேண்டும்.

மார்ச் 7

இன்று அவனே ரசம் வைத்தான். புளி கரைத்தது, மிளகு தட்டியது எல்லாம் கை தானாகச் செய்தது. பெருங்காயத்தில் மட்டும் தடுமாறினான். போட்டான், குனிந்து மோந்தான், மறுபடி போட்டான், மறுபடி மோந்தான். மூன்று முறை. நாங்கள் இரண்டு பேரும் தடுக்கவில்லை.

"எப்படி... இருக்கு?"

"அருமையா இருக்குடா" என்றாள் கோமதி.

அவன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். பந்தியில் சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்த்தே உப்பைச் சொல்லிவிடுகிறவன். "பொய்" என்றான். அந்த வார்த்தை மட்டும் தங்குதடையில்லாமல் வந்தது.

பிறகு என்னிடம் கேட்டான். "அத்தான்... அன்னைக்கி... நான் எதுக்கு... ஏறுனேன்?"

"அண்டா இறக்க."

கோமதி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகு நேரம் கேட்டது. நான் ரசத்தை முழுதும் குடித்தேன்.

மார்ச் 9

கோமதி ஆபீஸ் போய்விட்டாள். ஆவுடை தூங்குகிறான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போய் எழுப்பிப் பார்க்கிறேன். இப்போது தேவையே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தாலும் எழுப்புகிறேன். எரிச்சலோடு கண் திறந்து பார்க்கிறான். அப்புறம்தான் எனக்கு மூச்சு வருகிறது.

எழுதிவிடுகிறேன். பின் போட்டுவிட்டால் போகிறது.

ஜனவரி 24 அன்று இரண்டு மணிக்குள் கலெக்டருக்கு அடிபடுகிற சீன் போக வேண்டும், செட்டில் காத்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நாலு வருஷத்துக்கு முன் வேறொரு சீரியலில் ஒரு டாக்டரை மாடிப்படியில் உருட்டிவிட்டது ஞாபகம் வந்தது. பெயரை மாற்றி அப்படியே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பழைய சீன் பேப்பர் கட்டெல்லாம் பரணில் இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி. "ஆவுடை, அந்தப் பச்சை நாடா போட்ட கட்ட எடுத்துக் குடுடா" என்றேன்.

கோமதி சொன்ன அண்டாவை அவன் ஒன்பது மணிக்கே பத்திரமாக இறக்கிச் சுவரோரம் வைத்துவிட்டான். இரண்டாவது முறை ஏறியது எனக்காக.

சத்தம் கேட்டுப் போனபோது மணி பதினொன்று இருபது. கண் மூடிக் கிடந்தான். நான் தோளைத் தொடுவதற்குள் கண் திறந்து எழுந்து உட்கார்ந்து சிரித்தான். "ஒண்ணுமில்ல அத்தான், ஸ்டூலு வாரிட்டு." ரத்தம்கூட இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கப்புறம் நான் செய்ததை எப்படி எழுதுவது? பேனாவை எடுத்துக்கொண்டு வந்து அவன் முன்னால் உட்கார்ந்தேன். "எப்படிடா இருக்கு இப்ப? சொல்லு, சீனுக்கு ஆகும்" என்றேன். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்து, என்மேல் இருக்கிற பிரியத்தில், நல்லதாகத் தேடிச் சொன்னான். "தலைக்கு மேல அண்டாவக் கவுத்தி வச்சு, வெளிய இருந்து யாரோ கரண்டியால தட்டுத மாதிரி இருக்கு அத்தான். சத்தம் தூரத்துல கேக்கு, வலி மட்டும் கிட்டத்துல இருக்கு."

அப்படியே எழுதிக்கொண்டேன். பழைய கட்டே தேவைப்படவில்லை. அவனோடு விழுந்து சிதறிய அந்தக் கட்டின் தாள்களைக் கூட்டிக் கட்டிலடியில் தள்ளினேன்.

பன்னிரண்டுக்குள் வாந்தி எடுத்தான். தலைவலி மாத்திரை கொடுத்து, "படுத்துத் தூங்கு, எந்திரிச்சா சரியாயிடும்" என்றேன். முப்பத்தொரு பேருக்கு அப்படித்தானே சரியாயிற்று. ஒரு மணிக்குக் கதவைத் தட்டினான். "அத்தான், மறுபடி வாந்தி வந்துட்டு. ஒரு மாதிரி கெடக்கு." நான் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். "அரை மணி நேரம் பொறுடா, அனுப்பிட்டு வரேன்" என்றேன். கதவைத் திறக்கவில்லை.

ஒன்றே முக்காலுக்கு அனுப்பினேன். எட்டிப் பார்த்தேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இதுவரை இல்லாத மாதிரிக் குறட்டை. நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்து, அடுத்த சீனுக்கு உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்கு கோமதி கத்தினாள். ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாக இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், எத்தனை மணிக்கு அடிபட்டது, வாந்தி எடுத்தாரா என்று கேட்டார். கோமதி என் முகத்தைப் பார்த்தாள். "தெரியாது டாக்டர், நான் உள்ள எழுதிட்டிருந்தேன்" என்றேன். அவன் பக்கத்தில் தரையில் இருந்த அண்டாவை வைத்து மீதிக் கதையைக் கோமதியே கட்டிக்கொண்டாள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சும்மா இருந்தேன்.

மார்ச் 11

ஞாபகம் திரும்புவதற்காகக் கலெக்டரை இன்னொரு முறை தலையில் அடிக்க முடியாது என்று கமலநாதனிடம் சொல்லிவிட்டேன். இனி யார் தலையிலும் அடிக்க மாட்டேன் என்றேன்.

"கரெக்ட் சார், பழசாயிடுச்சு. கோயில் மணி சத்தத்துல ஞாபகம் வந்துரட்டும். ஒரு ஃபிளாஷ்பேக் போட்டுக்கலாம், எடிட்ல நான் பாத்துக்கறேன்" என்றார்.

நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆவுடை: வார்த்தைகள் பதினெட்டு. கோபம் இல்லை.

மார்ச் 13

சாயங்காலம் ஏழு மணிக்கு ஆவுடை டிவி கேட்டான். இத்தனை நாள் வெளிச்சத்துக்குப் பயந்து போடவே இல்லை. சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். கோமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கலெக்டர் கோயிலில் நிற்கிறார். மணி அடிக்கிறது. கருப்பு வெள்ளையில் பழைய காட்சி ஓட ஆரம்பித்ததும்தான் எடிட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. ரிமோட்டைத் தேடினேன். ஆவுடையின் மடியில் இருந்தது.

கோட்டு போட்ட கலெக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் சொல்கிறார்: "தலைக்கு மேல அண்டாவக் கவுத்து வச்சு, வெளிய இருந்து யாரோ கரண்டியால தட்டுற மாதிரி இருக்கு அபிராமி. சத்தம் தூரத்துல கேக்குது, வலி மட்டும் கிட்டத்துல இருக்கு."

ஆவுடை சிரித்தான். வீட்டுக்கு வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை. "அத்தான்... நீங்க... எழுதுனதா?" என்று கேட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "சரியா... சொல்லுதாரு. இப்படித்தான்... இருக்கும்."

கோமதியின் கை கீரைக்கட்டில் நின்றுவிட்டது.

"கலெக்டரு எங்கயாச்சும் அண்டாவப் பத்திப் பேசுவானா?" என்றாள். இருபது வருஷ மெட்ராஸ் பேச்சு அவளுக்கு ஆத்திரத்தில்தான் போகும். இப்போது குரல் உயரவே இல்லை, ஆனால் மெட்ராஸ் பேச்சு போய் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "எப்பம் சொன்னான் ஒங்ககிட்ட?"

"யாரு?"

"ஆவுடை."

"எப்பவாவது சொல்லிருப்பான். ஞாபகத்துல இருந்திருக்கும்."

"விழுததுக்கு முந்தி அவன் தலையில அடியே பட்டதில்லையே. முழிச்சதுக்கப்புறம் நாலு வார்த்த சேந்தாப்புல பேசவும் இல்ல."

நான் டிவியையே பார்த்தேன்.  அவள் கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். ஆவுடை எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு டிவியை அணைத்தான்.

மார்ச் 14

கோமதி பேசவில்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு ஆபீஸ் போனாள்.

மார்ச் 16

பேசவில்லை. ஆனால் நான் எதிரில் வரும்போதெல்லாம் ஒரு கணம் நிற்கிறாள். சொல்வதற்கு எனக்கு இடம் விடுகிறாள் என்று தெரிகிறது. நான் ஒதுங்கிப் போகிறேன். அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். கட்டிலடியில் பச்சை நாடாக் கட்டு இருந்த இடம் பெருக்கிச் சுத்தமாக இருக்கிறது. கட்டு என் மேஜைமேல் இருக்கிறது. அவள்தான் வைத்திருக்க வேண்டும்.

இருந்தாலும் அவளுக்கு முழுதும் தெரியாது. அண்டா ஒன்பது மணிக்கே இறங்கிவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. இன்று சாயங்காலம் ஆவுடையின் தலையில் தழும்புக்குப் பக்கத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே, "அக்காவ மன்னிச்சிருடா" என்றாள். அவன், "எதுக்கு?" என்றான்.

மார்ச் 18, காலை

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. கோமதி குளிக்கிறாள். ஆவுடை சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டிருக்கிறான், மூன்று போட்டுவிட்டான்.

பின்களையெல்லாம் பிடுங்கிவிட்டேன். நகம் உடைந்தது. முதல் பக்கத்தைத் திருப்பி, காலியாக விட்டிருந்ததை எழுதினேன்.

அடிபட்ட நேரம்: காலை 11.20.
நினைவு தப்பியது: ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. எழுந்து சிரித்தான், நன்றாகப் பேசினான்.
வாந்தி: இரண்டு முறை. இரண்டையும் என்னிடம் சொன்னான்.
உடன் இருந்தவர்: "யாரும் இல்லை" என்பதை அடித்துவிட்டேன். நான்.

எதற்காக ஏறினான் என்று கேட்க இந்தத் தாளில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: கோமதி சொன்ன அண்டாவை அவன் முன்பே இறக்கிவிட்டான். விழுந்தது என் சீன் பேப்பர் கட்டை எடுக்கப் போய்.

கோமதி ஆட்டோவில் படித்துக்கொள்ளட்டும் என்று நோட்டை அவள் பையில் வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வேண்டாம். கையில் கொடுத்து, அவள் படித்து முடிக்கிறவரை எதிரில் நிற்க வேண்டும்.

மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுத்துக் காபி போட்டேன். இரண்டு டம்ளர். என்னுடையதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அவளுடையதை மட்டும் மூடி வைத்திருக்கிறேன். காபியை விட வேண்டியவள் அவள் இல்லை.